ராயல் பாலேயின் சீசன் பட்டியல்: எதை ஆடுவது, ஏன்? (கேள்வி பதில்)

லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் இயங்கும் ராயல் பாலே, ஒவ்வொரு ஆண்டும் அடுத்த சீசனின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடும். பட்டியல் வந்ததும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: திரும்பத் திரும்ப அதே ஸ்வான் லேக், நட்கிராக்கர், ரோமியோ ஜூலியட். புதுசா எதுவும் செய்ய மாட்டாங்களா?

செய்கிறார்கள். 2015இல் நடன அமைப்பாளர் வேய்ன் மெக்ரிகரின் 'வுல்ஃப் வொர்க்ஸ்', 2021இல் 'தாந்தே ப்ராஜெக்ட்', 2022இல் கிறிஸ்டோபர் வீல்டனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' எல்லாமே முழு மாலைக்கான புதுப் படைப்புகள். இவற்றுக்குப் புது இசை, புது மேடையமைப்பு, மாதக்கணக்கில் ஒத்திகை எல்லாம் வேண்டும். செலவு ஒருவரால் தாங்கக்கூடியதல்ல. அதனால்தான் வேறு குழுக்களோடு கூட்டுச் சேர்கிறார்கள்: 'தாந்தே' பாரிஸ் ஓபராவோடு, வீல்டனின் 'வின்டர்ஸ் டேல்' கனடா தேசிய பாலேயோடு. அரங்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். கிறிஸ்துமஸ் சமயத்து நட்கிராக்கர் அவற்றை நிரப்பினால்தான் பெயர் தெரியாத புதுப் படைப்பை நாலு நாள் ஆடிப் பார்க்கும் தெம்பு வரும்.

ஆனால் பழையதை ஆடுவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆடாமல் விட்டால் அது போய்விடும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாத்துக்கும் வீடியோ இருக்கே, எப்படிப் போகும்?

வீடியோ மட்டும் அல்ல, எழுத்தும் இருக்கிறது. 1950களில் ரூடால்ஃப், ஜோன் பெனெஷ் தம்பதி உருவாக்கிய குறியீட்டு முறையை ராயல் பாலே பயன்படுத்துகிறது. இசைக் குறிப்பைப் போல ஐந்து கோடுகள்: மேல் கோடு உச்சந்தலை, அடுத்து தோள், இடுப்பு, முழங்கால், கீழ்க்கோடு தரை. எந்தத் தாளத்தில் கை எங்கே, கால் எங்கே என்று இதில் துல்லியமாக எழுதிவிடலாம்.

எழுதியும் பிடிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ராயல் பாலேயின் பழைய நடன அமைப்பாளர் ஃப்ரெடரிக் ஆஷ்டன் 1960இல் அமைத்த 'லா ஃபீய் மால் கார்தே'வில் ஒரு காட்சி. நாயகி லீஸ் ஒற்றைக் கால் நுனியில் நின்று மறுகாலைப் பின்னால் மடக்கி உயர்த்தியிருப்பாள். தலைக்கு மேலே அவள் கையில் ரிப்பன்கள். மறுமுனைகளைப் பிடித்தபடி எட்டுத் தோழிகள் வட்டமாக நடக்க, அவள் நின்ற நிலையிலேயே ராட்டினத்தின் நடுக்கம்பம் போலச் சுழல்வாள். அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ரிப்பன்களின் விறைப்புதான் பிடிமானம். ஒரு தோழி அரையடி உள்ளே வந்துவிட்டால் அவளுடைய ரிப்பன் தொய்யும், எதிர்ப்பக்கம் இழுக்கும், லீஸ் சாய்வாள். எட்டுப் பேரும் ஒரே அளவு அடி வைக்க வேண்டும். லீஸ் கையை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. எவ்வளவு இழுப்பு என்பது வீடியோவில் தெரியாது. ஆடியவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் வெளியே போ" என்று சொல்ல வேண்டும். இடைவெளி நீண்டு, ஆடியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டால் அந்த ஒரு வரி யாரிடமும் இருக்காது. ஆஷ்டன் படைப்பு இல்லாத சீசனை நான் நல்ல சீசன் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: நான் பரதநாட்டிய ஆசிரியை. எங்களுக்குப் பந்தநல்லூர், வழுவூர் என்று பாணிகள் இருப்பதுபோல பாலேயிலும் உண்டா? பட்டியலைப் பார்த்தால் அது தெரியுமா?

உண்டு அம்மா, பட்டியலிலேயே தெரியும். ஆஷ்டன் என்றால் இடுப்புக்கு மேலே நன்றாக வளைந்து திரும்பும் உடல், கீழே மிக வேகமான பாதங்கள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இயங்குவதில்தான் கஷ்டம். பாதவேகம் கூடினால் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும். பயிற்சியாளர்கள் முதலில் திருத்துவது அதைத்தான். அவருக்கென்றே ஒரு அடவுக்கோவை உண்டு, 'ஃப்ரெட் ஸ்டெப்' என்பார்கள்: ஒரு காலில் ஏறி அரபெஸ்க் (மறுகாலை நேராகப் பின்னால் நீட்டும் நிலை), கூப்பே (ஒரு காலை எடுத்து மறுகாலை வைப்பது), பக்கவாட்டில் சிறிய டெவலப்பே (மடக்கிய காலை மெல்ல விரிப்பது), பா த பூரே (சிற்றடிகள்), கடைசியாகப் பூனைத்தாவலான பா த ஷா. தன் படைப்புகள் பலவற்றில் எங்காவது ஒளித்து வைத்திருப்பார். கண்டுபிடித்துப் பாருங்கள்.

ராயல் பாலேயின் இன்னொரு நடன அமைப்பாளர் கென்னத் மேக்மில்லன் வேறு ரகம். 'ரோமியோ ஜூலியட்' (1965), 'மனோன்' (1974), 'மேயர்லிங்' (1978) மூன்றிலும் பெண்ணின் உடல் ஆணின் கையில் துவண்டும் புரண்டும் போகும். நியூயார்க்கின் ஜார்ஜ் பாலன்சைனிடம் வேகமும் இசையும்தான், கதை பெரும்பாலும் இருக்காது. அவர் படைப்பை ஆட வேண்டுமென்றால் 1987இல் ஏற்பட்ட பாலன்சைன் அறக்கட்டளையிடம் உரிமை வாங்க வேண்டும். கற்றுத்தர அவர்களே ஆள் அனுப்புவார்கள். ஆஷ்டனோ தம் படைப்புகளின் உரிமையைப் பல தனி மனிதர்களுக்குப் பிரித்து எழுதிவைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாசல்.

கேள்வி: இயக்குநர் தனக்குப் பிடித்ததைப் போடுகிறார், அவ்வளவுதானே?

2012 முதல் கெவின் ஓ'ஹேர் இயக்குநர். அவர் விருப்பம் முக்கியம்தான், ஆனால் மேடை அவருடையது மட்டுமல்ல. அதே மேடையில், அதே இசைக்குழுவோடு ஓபராவும் நடக்கிறது. இன்றிரவு பாலே என்றால் நாளை ஓபரா இருக்கலாம். இரண்டின் மேடையமைப்பும் சேர்ந்து உள்ளே அடங்க வேண்டும்.

பிறகு ஜோடிக் கணக்கு. ரோமியோ ஜூலியட்டுக்கு ஐந்து ஜோடி என்றால், பால்கனிக் காட்சியை ஐந்து ஜோடிக்கும் தனித்தனியாக ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு ஆணுக்கு அடிபட்டால் அந்தப் பெண்ணுக்கு உயரம் பொருந்துகிற இன்னொருவரைத் தேட வேண்டும். அதைச் சமாளிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் நவீன நடனமும் ஸ்வான் லேக்கும் ஆடினால் உடம்பு தாங்குமா?

திட்டமிட்டால் தாங்கும். மெக்ரிகரின் 'க்ரோமா' (2006) பாயின்ட் ஷூ (கால் நுனியில் நிற்க உதவும் விறைப்பான காலணி) இல்லாமல் ஆடுவது. அதையே ஆடிக்கொண்டிருந்தால் கால்விரல் தோல் மென்மையாகிவிடும். திரும்ப ஷூ போட்டதும் கொப்புளம். அதைவிட மோசம், பாதத்து எலும்பில் திடீரென்று சுமை ஏறி நுண்விரிசல் விழுவது. அதனால் நவீன நிகழ்ச்சி ஓடும்போதே தினமும் கொஞ்ச நேரமாவது பாயின்ட் பயிற்சி விடாமல் நடக்க வேண்டும்.

ஸ்வான் லேக்கில் குழு ஆடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: நாயகியின் இருவர் நடனம் நடக்கும்போது அசையாமல் நிற்பது. பாதத்தில் தசை பிடித்துக்கொள்ளும், கெண்டைக்கால் ஆறிவிடும், உடனே துள்ள வேண்டியிருக்கும். நாயகிக்கு ஷூதான் கவலை. அதன் முனை மரம் அல்ல. துணியும் தாளும் பசை வைத்து அடுக்கியது, வியர்வையில் இளகும். ஒரே நாயகி ஆடும் இரு வேடங்களில், வெள்ளை அன்னத்துக்குச் சத்தம் வராத இளகிய ஜோடி, கறுப்பு அன்னத்தின் 32 ஃபுவெட்டேக்கு (ஒற்றைக் காலில் நின்று மறுகாலை வீசிச் சுழல்வது) விறைப்பான ஜோடி என்று மாற்றிக்கொள்பவர்கள் பலர்.

கேள்வி: 'லா பயடேர்' நம் கோயில் நாட்டியக்காரியைப் பற்றியது என்கிறார்கள். அதை இன்னும் ஆடலாமா?

1877இல் மாரியுஸ் பெத்திபா பீட்டர்ஸ்பர்கில் அமைத்தது. அதில் வரும் இந்தியா கற்பனை. ஆனால் உண்மையான இழை ஒன்று உண்டு. 1838இல் புதுச்சேரி அருகே திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் பாரிஸ் சென்று ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பார்த்து வியந்து எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. 'ஜிசெல்' (1841) பாலேயின் கதையில் பங்கு அவருடையது. 1858இல் சகுந்தலையை பாலேக் கதையாக எழுதியவரும் அவர், நடனம் அமைத்தவர் பெத்திபாவின் அண்ணன் லூசியன். ஆகவே பயடேர் வரும்போது நிகழ்ச்சிக் கையேட்டில் அம்மணியின் பெயர் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கீர் வேடங்களைத் திருத்தட்டும். 'நிழல்கள்' காட்சியை மட்டும் இழக்கக் கூடாது: வெள்ளுடையில் 24 பெண்கள் சரிவிலிருந்து ஒருவர்பின் ஒருவராக ஒரே அரபெஸ்க்கைச் செய்தபடி இறங்குவார்கள். முதலில் வருபவர்தான் அதை அதிகத் தடவை செய்ய வேண்டும், அதனால் அந்த இடத்துக்குக் கணுக்கால் அசையாதவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கேள்வி: அடுத்த வருடம் லண்டன் போகிறேன். எந்த இருக்கை வாங்க?

எதைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'நிழல்கள்', ஸ்வான் லேக், ஆறே பேர் கடைசிவரை மேடையை விட்டுப் போகாமல் ஆடும் ஆஷ்டனின் 'சிம்போனிக் வேரியேஷன்ஸ்' இவையெல்லாம் கோலம் மாதிரி. மேலிருந்து பார்த்தால்தான் வடிவம் தெரியும். மலிவான ஆம்ஃபிதியேட்டரின் (உச்சி மாடத்து இருக்கைகள்) நடுப்பகுதி போதும். மனோன், மேயர்லிங் என்றால் முகம் தெரிய வேண்டும், கீழே செலவழியுங்கள். ஓரத்து இருக்கைகளில் மேடையின் ஒரு பக்கம் மறைந்துவிடும். யார் ஆடும் நாள் என்ற விவரம் வந்தபின் தேதியை முடிவு செய்யுங்கள்.