முதலில் கார், பிறகு கார்டு: ஜோகன்னஸ்பர்க் வந்த தம்பிக்கு

தம்பி, மிட்ராண்டுக்கு வந்து ஆறு வாரம், ஒரே ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்திருக்கிறது, அதற்குள் வங்கிச் செயலி ரிவார்ட்ஸ் கிரெடிட் கார்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே போட்டால் டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் எடுக்கப் புள்ளி சேருமா, எந்த வங்கிக் கார்டு நல்லது, எதில் ஏர்போர்ட் லவுஞ்ச் கிடைக்கும், சென்னைக்குப் பணம் எப்படி அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். லவுஞ்சும் பணம் அனுப்புவதும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் நம்மவர்களே சொல்லிவிடுவார்கள். எப்போது விண்ணப்பிப்பது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் அடிபடுகிறார்கள், அதனால் அதைத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

இப்போது போடாதீர்கள். செயலியில் வரும் அறிவிப்பு விளம்பரம்தான், ஒப்புதல் அல்ல. தென்னாப்பிரிக்காவின் 2005-ம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி, உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் எந்த வங்கியும் கடன் தரக் கூடாது. அதற்குப் பொதுவாக மூன்று மாதப் பே ஸ்லிப்பும் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். ஊரில் உங்கள் சிபில் ஸ்கோர் எவ்வளவு இருந்தாலும் இங்கே அது கணக்கில் வராது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களில் உங்கள் பெயரில் இருப்பது ஒன்றும் எழுதாத காலிக் கோப்பு. போடுகிற ஒவ்வொரு விண்ணப்பமும் அந்தக் கோப்பில் விசாரணை என்று பதிவாகும். நான்கு வங்கியில் ஒரே மாதத்தில் போட்டால், பணத்துக்கு அலைகிறவர் என்றுதான் ஐந்தாவது வங்கி நினைக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களில் "நீயும் போடு, உனக்கும் புள்ளி எனக்கும் புள்ளி" என்று இணைப்பு அனுப்பும் நண்பர்களை நான் கண்டிக்கிறேன். அவர்களுக்கு இங்கே பத்து வருடக் கோப்பு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

அதைவிட முக்கியம் கார். ஜோகன்னஸ்பர்க்கில் கார் இல்லாமல் அதிக நாள் ஓட்ட முடியாது. கௌட்ரெய்ன் (Gautrain) விரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் வீடும் ஆபீசும் அமைந்தால் சில மாதம் தள்ளலாம், அவ்வளவுதான். எப்படியும் கார் கடன் வாங்கப் போகிறீர்கள். கார்டுக்காகப் போட்ட விண்ணப்பங்கள் கோப்பில் குவிந்திருந்தால் அந்தக் கடனுக்கு வட்டி கூடலாம். 250,000 ரேண்ட் கடன், 60 மாதம் என்று வையுங்கள். வட்டி 11 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 5,436 ரேண்ட், 12 சதவீதமானால் 5,561. அந்த ஒரு சதவீதத்துக்கு ஐந்து வருடத்தில் 7,500 ரேண்ட் கூடுதலாகப் போகிறது. மாதம் 10,000 ரேண்ட் கார்டில் செலவழித்து ஒரு சதவீதம் புள்ளியாகக் கிடைத்தால் மாதத்துக்கு 100 ரேண்ட். போன 7,500-ஐ அதில் ஈடுகட்ட ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். கார்டு லிமிட்டை நீங்கள் தொடாமலே வைத்திருந்தாலும், கார் கடன் தருகிறவர் அதையும் உங்கள் கடன் பாரமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் கார், தவணை மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் போன பிறகு கார்டு.

இடைப்பட்ட காலத்தில் கோப்பை நிரப்ப ஒரு மொபைல் காண்ட்ராக்ட் (மாதா மாதம் பில் கட்டும் ஒப்பந்தம்) போதும். சம்பளம் விழும் மறுநாளுக்கு டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு) போட்டு வையுங்கள். துணிக்கடை அக்கவுண்ட் எடுத்தால் ஸ்கோர் ஏறும் என்று பலர் சொல்வார்கள், ஏறவும் செய்யும். ஆனால் மாதா மாதம் அங்கே போய் வாங்கத் தூண்டுகிற கடன் அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கச் சட்டம் உரிமை தருகிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதம் அதை வாங்கி, பாஸ்போர்ட் எண்ணும் முகவரியும் சரியா என்று பாருங்கள். தவறிருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது பர்மிட், அதாவது வேலை விசா. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசா (நாட்டுக்குத் தேவையான திறன் உள்ளவர்களுக்கானது) ஐந்து வருடம் வரை கிடைக்கும். பர்மிட் காலாவதியானால் வங்கி உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம். அப்படி முடக்கினால் கார்டு பாக்கியைக் கட்டும் டெபிட் ஆர்டரும் திரும்பிவிடும், உங்கள் பெயரில் தவறிய தவணை என்று பதிவாகும். எனவே பர்மிட்டில் இரண்டு வருடமாவது மிச்சமிருக்கும்போது விண்ணப்பியுங்கள். ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் புதுப்பித்த பிறகு போடுங்கள். ஹோம் அஃபயர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) புதுப்பிப்பு எவ்வளவு இழுக்கும் என்பதை இங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. பர்மிட் முடியும் மாதத்தில் லிமிட் முழுவதையும் தீர்த்துவிட்டு விமானம் ஏறும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அதை விருந்தில் பெருமையாகப் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பர்மிட்டில் இருக்கும் அடுத்த ஆளை வங்கி சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இவர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1860-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நாட்டில் சம்பாதித்து வைத்த நல்ல பெயரில்தான் நாமும் கடைக்குள் நுழைகிறோம்.

எந்தக் கார்டு என்று கேட்டால், முதல் கார்டு உங்கள் சம்பளம் விழும் வங்கியிலேயே. உங்கள் வரவு செலவு அவர்கள் கண்முன் இருக்கிறது. இபக்ஸ், டிஸ்கவரி மைல்ஸ் என்ற இங்குள்ள வங்கிகளின் புள்ளித் திட்டங்களில் பத்துப் புள்ளிக்கு ஒரு ரேண்ட், எனவே பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். கணக்கு, காப்பீடு, கடன் என்று எத்தனை அதே குழுமத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்துப் படிநிலை ஏறும் திட்டங்களே இங்கே அதிகம். புதிதாக வந்தவர் அடிப்படிநிலையில்தான் இருப்பார். இபக்ஸ் விதிகள் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று மாறும், அதனால் மே, ஜூனில் பழைய விதியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் வங்கி தரும் குவோட்டேஷன் (வட்டியும் கட்டணமும் எழுதிய தாள்) ஐந்து வேலைநாள் செல்லும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், காப்பீடு, ரிவார்ட்ஸ் சந்தா எல்லாம் கூட்டி மாதத்துக்கு 100 ரேண்டைத் தாண்டினால், மேலே சொன்ன புள்ளி அதோடு தீர்ந்தது. லிமிட்டைத் தானாக உயர்த்தச் சம்மதமா என்ற கட்டத்தில் இல்லை என்று குறியுங்கள். கார்டு வட்டிக்குச் சட்ட உச்சவரம்பு இங்குள்ள ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம். ரெப்போ 7 என்றால் 21. 10,000 ரேண்டை ஒரு மாதம் பாக்கி வைத்தால் 175 ரேண்ட் வட்டி. டெபிட் ஆர்டரில் குறைந்தபட்சத் தொகை என்று விடாமல் முழுத் தொகை என்று எழுதிக் கொடுங்கள்.

55 நாள் வரை வட்டியில்லை என்பதிலும் கவனம். ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வாங்கினால்தான் முழு 55 நாள், முந்தைய நாள் வாங்கினால் 25 நாள் அளவுதான். ஏடிஎம்மில் பணம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி. பெட்ரோலுக்கும் அப்படியே வட்டி போடும் கார்டுகள் உண்டு, குவோட்டேஷனில் பாருங்கள். கடையில் "ஸ்ட்ரெய்ட்டா பட்ஜெட்டா" என்று கேட்பார்கள். பட்ஜெட் என்றால் தவணைக் கடன், வட்டியோடு. ஸ்ட்ரெய்ட் என்றே சொல்லுங்கள்.

டிசம்பர் டிக்கெட்டைச் சேமிப்பிலிருந்து டெபிட் கார்டிலேயே எடுங்கள், பல திட்டங்களில் அதற்கும் கொஞ்சம் புள்ளி உண்டு. ஒருவேளை ஏற்கெனவே விண்ணப்பித்து மறுத்திருந்தால், முக்கியக் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடிதம் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.