ஸ்விங் கியர்பாக்ஸ் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் எங்கே பார்ப்பது?

பழைய எக்ஸ்கவேட்டரில் ஸ்விங் கியர்பாக்ஸ் (மேல் பகுதியைச் சுழற்றும் கியர் பெட்டி) ஆயில் வெளுத்திருக்கிறது, தண்ணீர்தானா என்று கேட்டிருந்தீர்கள். ஆயிலை மாற்ற அவசரப்படாதீர்கள். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிரெயின் பிளக்கை (அடியில் ஆயிலை வடிக்கும் திருகு மூடி) மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். பால் போல நன்றாகக் கலந்துவிட்டால் பிரியாது, சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள் (கண்ணாடி போட்டுக்கொண்டு!), படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். பொரியாமல், ஆயில் நீர்த்து அளவும் ஏறியிருந்தால், பெட்டியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் இறங்குகிறது.

நான் முதலில் சந்தேகப்படுவது பிரீதரையும் (பெட்டி மூச்சுவிடும் காற்றுத் துளை) டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கோல்) மூடியையும்தான். ஓடிச் சூடான பெட்டி மழையில் குளிரும்போது காற்றை உள்ளிழுக்கும், கூடவே தண்ணீரையும். அப்புறம், கீழே பினியன் (சின்னப் பல்சக்கரம்) சுற்றும் கிரீஸ் தொட்டியையும் திறந்து பாருங்கள். அங்கே தண்ணீர் நின்றால் ஸ்விங் பேரிங் (மேல் பகுதியைத் தாங்கிச் சுழலவிடும் பெரிய பேரிங்) சீலைச் சோதிக்க வேண்டும்.