டாக்டர் ஏன் எங்களிடம் பேசவில்லை? – வாசகர் கேள்வி-பதில்

நான் 29 வருடம் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு, வழக்குக்கு வரும் கேஸ் ஷீட்டுகளை, அதாவது மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகளை, படித்துக் கருத்துச் சொல்கிறேன். சில வழக்குகளில் குடும்பத்தின் பக்கம், சிலவற்றில் டாக்டரின் பக்கம். சிகிச்சையில் நடக்கும் தவறுகள் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் மருத்துவமனைகளின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் ஐசியுவில் இறந்துவிட்டார். கேஸ் ஷீட் கேட்டால், "அது ஆஸ்பத்திரி சொத்து, சம்மரி மட்டும்தான் தருவோம்" என்கிறார்கள். அப்படி ஒரு விதி இருக்கிறதா? – ஓசூர் வாசகர்

இல்லை. அந்தக் காகிதங்கள் அவர்களிடமே இருக்கட்டும், நகல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை அவர்கள் 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதமாக எழுதி, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் மகன் என்பதற்கான சான்றையும் இறப்புச் சான்றையும் இணையுங்கள். "எல்லாப் பதிவுகளும்" என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஐசியு சார்ட், நர்ஸ்கள் எழுதும் பதிவு, மருந்து சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம்.

எந்தக் கேஸ் ஷீட் வந்தாலும் நான் முதலில் பிரிப்பது நர்ஸ்களின் பதிவைத்தான். ஒரு வழக்கில் சம்மரி ஒரே வரியில் "திடீர் மாரடைப்பு" என்றது. நர்ஸ் பதிவிலோ நாடித்துடிப்பு இரவு 11 மணிக்கு 96, 1 மணிக்கு 118, 3 மணிக்கு 136. "டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. டாக்டரின் அடுத்த குறிப்பு காலை 7.30-க்கு. அந்த மரணத்தில் திடீர் என்று எதுவும் இல்லை. இன்னொரு வழக்கில் இதற்கு நேர்மாறு. இரவு முழுக்க டாக்டர் நோயாளி பக்கத்திலேயே நின்றிருக்கிறார், இருபது நிமிடத்துக்கு ஒரு குறிப்பு. அதை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொன்னபோது, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க வக்கீல்கிட்டயே போயிருக்க மாட்டோமே" என்று இறந்தவரின் அண்ணன் அழுதார்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி வழக்குப் போட முடியாதா? – கரூர் வாசகர்

போடலாம். ஆனால் எதனால் இறந்தார் என்பதை நிறுவுவது கடினமாகிவிடும். கேஸ் ஷீட்டும் பரிசோதனை முடிவுகளும் மட்டுமே கையில் இருக்கும், அதனால் அவற்றை உடனே வாங்குங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகம் மனதில் இருக்கும்போது, உடம்பை அறுக்க வேண்டாமே என்று அந்த நேரத்து வேதனையில் மறுத்துவிடாதீர்கள். பல டாக்டர்களைப் பழியிலிருந்து காப்பாற்றியதும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைதான்.

நடந்தது தவறா, விதியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பித்தப்பை ஆபரேஷனில் என் அக்காவுக்குப் பித்தக்குழாய் வெட்டுப்பட்டுவிட்டது. "இது எல்லா இடத்திலும் நடப்பதுதான்" என்கிறார்கள். – திருநெல்வேலி வாசகி

அதிகம் வரும் கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டாக்டர் உலகத்திலேயே சிறந்தவராக இருந்தாரா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒரு டாக்டர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்றுதான் பார்க்கிறது. இங்கிலாந்தில் 1957-இல் வந்த தீர்ப்பின் அளவுகோல் இது. நம் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் பின்பற்றுகிறது.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் முறையில், பித்தப்பையை எடுக்கும்போது பித்தக்குழாய் அடிபடுவது ஆயிரத்தில் சிலருக்கு நடக்கிறது. கவனமான கைகளிலும் நடக்கிறது. அதனால் வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்து நான் அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்பது அதற்கு அடுத்த கேள்விகளை. இப்படி ஆகலாம் என்று முன்பே சொன்னார்களா? மறுநாள் வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, கண் மஞ்சளானபோது என்ன செய்தார்கள்? ஸ்கேன் எடுத்து, தங்களால் முடியாது என்றால் கல்லீரல் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு உடனே அனுப்பினார்களா? இல்லை, "வாயுதான், நடங்க சரியாப் போயிடும்" என்று ஐந்து நாள் ஓட்டினார்களா? உங்கள் கடிதத்தில் இந்தத் தேதிகள் இல்லை. அவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைக்கும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குழந்தை சீக்கிரம் பிறந்தது யார் தவறும் இல்லை, அதைப் பிழைக்க வைத்ததே பெரிய வேலை. ஆனால் இவ்வளவு குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக்குழாய்கள் சரியாக வளராமல் போகலாம். நேரத்தில் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வழி உண்டு. அந்தப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். உச்ச நீதிமன்றம் 2015-இல் அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக்கியது. 19 வருடம் அந்தப் பெற்றோர் அலைந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ குழந்தை பிறந்தால், 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.

சில தவறுகளுக்கு விளக்கமே தேவையில்லை. 1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். அவர் இறந்துபோனார். இது கவனக்குறைவு இல்லை என்று யாராலும் வாதாட முடியாது. இப்படிப்பட்ட தவறுகளைத் தடுக்க, ஆபரேஷன் தியேட்டரில் படித்துச் சரிபார்க்க ஒரே பக்கத்தில் அடங்கும் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8-ஆகக் குறைந்தது. ஆபரேஷனுக்கு முன் "உங்க தியேட்டர்ல அந்தப் பட்டியலைப் படிக்கிறீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கட்டியை எடுக்கிறோம் என்றார்கள். மனைவி மயக்கத்தில் இருக்கும்போது என்னிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். நானே கையெழுத்துப் போட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் வக்கீல். – திருப்பூர் வாசகர்

வேறு வக்கீலைப் பாருங்கள். வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர முடியும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. உடனே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை இருந்தால்தான் விதிவிலக்கு. விழித்தபிறகு கேட்டிருக்கலாம் என்றால், கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அப்படிச் செய்தார்களா என்பது அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். அதைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். அப்புறம் ஒன்று: உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வழக்கா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

ஜிஎச்சில் காசு வாங்கவில்லை. இலவச சிகிச்சைக்கு வழக்குப் போடலாமா? – ராமநாதபுரம் வாசகர்

எல்லோருக்கும் முழு இலவசம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது. சிலரிடம் கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர்தான். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. முழு இலவசமாக இருந்தாலும் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. மேலே சொன்ன ஔரங்காபாத் வழக்கு அந்த வழியில்தான் வந்தது, அரசுதான் பொறுப்பு என்று 1996-இல் தீர்ப்பானது. இலவசம் என்பதற்காகக் கவனம் குறையலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

டாக்டரைக் கைது செய்யச் சொன்னால் போலீஸ் தயங்குகிறது. பணம் வாங்கிவிட்டார்களா? – சேலம் வாசகர்

கோபம் புரிகிறது. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் ஒரு தீர்ப்பு. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அவர் இறந்தார். அந்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் டாக்டர் மீதான குற்ற வழக்கை ரத்து செய்தது. மருத்துவமனை நஷ்டஈடு தர வேண்டியிருக்கலாம், அது வேறு என்றது. மிகப் பெரிய அலட்சியம் இருந்தால்தான் குற்றம். வேறொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தை வாங்கிய பிறகே போலீஸ் மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கைது கூடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், சிகிச்சையில் அலட்சியத்தால் மரணம் என்றால் டாக்டருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. நீங்கள் தேடுவது நஷ்டஈடும் விளக்கமும் என்றால், ஸ்டேஷனில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு, செலவு? – வேலூர் வாசகி

2 வருடம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய பணம், கேட்கும் நஷ்டஈடு அல்ல. கட்டியது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை.

நான் பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆன டாக்டர். என் கவனக்குறைவால் ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு தவறிவிட்டது. பிழைத்துக்கொண்டார். குடும்பத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். "வாயைத் திறந்தால் கேஸ்" என்கிறார்கள் சீனியர்கள். – விழுப்புரம் வாசகி

தம்பி தங்கைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன் அம்மா. சொல்லிவிடுங்கள்.

1990-களில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் நான் ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு இரண்டாம் நாள் உள்ளே ரத்தம் கசிந்தது. நான் தாமதமாகப் பார்த்தேன். இறந்துவிட்டார். அவர் கணவர் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். "பின்பக்கமாப் போயிடு" என்றார் என் சீஃப். போனேன். அந்த மனிதர் வழக்குப் போடவில்லை, சத்தம் போடவில்லை. வார்டு சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "கடைசில அவளுக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?" அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் உங்கள் யூனிட் சீஃபிடம் சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள். சிஸ்டர் ஒருவரும் உடன் இருக்கட்டும். உட்கார்ந்து பேசுங்கள். என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, இப்போது என்ன செய்கிறோம், இனி நடக்காமல் இருக்க என்ன செய்தோம், இந்த வரிசையில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நர்ஸ் மீதோ பார்மசி மீதோ தள்ளாதீர்கள். "மன்னிச்சிடுங்க" என்பதை மென்று விழுங்காமல் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் பழைய வரியைத் தொடவே தொடாதீர்கள். சேர்க்க வேண்டியதை இன்றைய தேதி, நேரம் போட்டுக் கீழே எழுதுங்கள். வழக்குகளில் நான் பார்த்த வரையில், டாக்டர்களை அதிகம் வீழ்த்தியது பின்னால் திருத்திய வரிகள்தான்.

சீனியர்களின் பயம் பொய்யில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். அந்தக் குடும்பத்தின் வேதனை எதுவாக இருந்தாலும் அதற்கு நியாயம் கிடையாது. ஆனால் நாம் வாயை மூடிக்கொள்வதால் அந்தக் கத்தி தூரப் போய்விடாது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தவறுகளைத் தானே முன்வந்து சொல்லத் தொடங்கியது. அங்கே வழக்குகள் கூடவில்லை, குறைந்தன.

அப்பா ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து அம்மா எந்த டாக்டரையும் பார்க்க மறுக்கிறார். பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வயது 63. என்ன செய்வது? – தஞ்சாவூர் வாசகி

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாதீர்கள். அப்பா இறந்த இடத்தின் பக்கமே போக வேண்டாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். முதல் தடவை வந்தால் அம்மா பேசாமல் இருக்கலாம், பிரஷரை மட்டும் பார்த்துவிட்டுப் போகட்டும். அப்பாவுக்கு நடந்ததைப் பற்றி அவரே ஆரம்பித்தால், "அதை விடும்மா" என்று சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள். இடையில் தலைவலி, தலைசுற்றல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது ஏதாவது வந்தால் அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பாவின் கேஸ் ஷீட் நகல் உங்களிடம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு, அம்மாவுக்கே ஒரு கடிதம் எழுதுகிறேன்.