விளக்கை ஊதி அணைக்காதீர்கள்

வணக்கம். பெங்களூரு மர்பி டவுன் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸுகள் ஆறு பேர் இருக்கிறோம். கூட வேலை பார்த்தவர்கள் இறந்தால், அமெரிக்காவில் செய்வதுபோல வெள்ளுடையில் போய், விளக்கேந்தி இறுதி மரியாதை செய்ய ஆசை. தொப்பி, பேட்ஜ், பேனர், பீங்கான் விளக்கு எல்லாம் வாங்கலாமா? இது நம் வீடுகளுக்கு ஒத்துவருமா?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2003-இல் கான்சஸ் மாநிலச் செவிலியர் சங்கம் 'நைட்டிங்கேல் அஞ்சலி' என்று ஒன்றை வகுத்தது. இன்று அங்கே பல தன்னார்வக் குழுக்கள் இதைச் செய்கின்றன. இறந்தவர் பெயரை மூன்று முறை அழைப்பார்கள், ஒவ்வொரு முறையும் மணி ஒலிக்கும். பதில் வராது. பணியிலிருந்து விடுவித்தோம் என்று அறிவித்து, விளக்கை அணைப்பார்கள்.

தொப்பி, பேட்ஜ் உங்கள் இஷ்டம். பேனர் கூடாது. சாவு வீட்டில் உங்கள் குழுவின் பெயர் யாருக்கு வேண்டும்? பீங்கான் விளக்குக்கும் செலவு செய்யாதீர்கள். துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் நைட்டிங்கேல் ஏந்தியது துருக்கியரின் மடக்கு விளக்கு. படங்களில் பார்க்கும் மூக்கு வைத்த விளக்கு ஓவியர்களின் கற்பனை. நம் அகல் போதும்.

ஆனால் அந்த அகலை உடலின் முன்னால் ஊதி அணைத்தீர்களோ, மொத்தமும் கெட்டுவிடும். நம் வீட்டில் விளக்கை 'அணை' என்று சொல்லவே வாய் வராது. குளிர வை, மலையேற்று என்போம். அதுவும் தலைமாட்டில் விளக்கு எரியும் வீட்டில், பத்துப் பெண்கள் பார்க்க ஒரு சுடரை ஊதினால் பாட்டிமார் பதறிப்போவார்கள். பதறுவதில் நியாயமும் இருக்கிறது. நர்ஸிங் முதலாண்டில் விளக்கேற்றும் விழாவில் என்ன செய்தீர்கள்? ஒருவர் சுடரிலிருந்து அடுத்தவர் ஏற்றிக்கொண்டீர்கள். வார்டில் ஷிஃப்ட் எப்படி முடியும்? ஓவர் கொடுத்துத்தான், அதாவது அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைத்துத்தான். அந்த அமெரிக்கச் சடங்குக்கு நம் ஊரில் முடிவு இப்படிச் சுடரைக் கைமாற்றுவதுதான் என்பேன்.

ஆகவே இரண்டு அகல்கள். அகலில் முக்கால் அளவு நல்லெண்ணெய், கெட்டியாகத் திரித்த திரி. தலைமாட்டு விளக்கிலிருந்து ஏற்றாதீர்கள், உங்கள் தீப்பெட்டியைக் கொண்டுபோங்கள். ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைக்கவே கூடாது. கால்மாட்டில் தட்டிலேந்தி நில்லுங்கள். ஷாமியானாவில் பெடஸ்டல் ஃபேன் சுழலும், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பெயர் அழைத்து முடிந்ததும், அவரிடம் வேலை கற்ற இளைய நர்ஸ் தன் அகலை முதல் அகலிலிருந்து ஏற்றிக்கொள்ளட்டும். பாடை கிளம்பியதும் பெண்கள் திரும்பும் தெருமுனைவரை அதோடு நடந்து, அங்கே ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் அழுத்திக் குளிர வையுங்கள். வீட்டாரிடம் அகலை அன்றே நீட்டாதீர்கள். சாவு விளக்கென்று வாங்கக் கூசுவார்கள். பதினாறாம் நாள் முடிந்து, துலக்கிக் கொடுங்கள்.

கிறிஸ்தவ வீடென்றால் மெழுகுவர்த்தி. போதகரிடம் நேரம் கேட்டுவிட்டால் போதும், அணைப்பதும் அங்கே தவறில்லை.

நேரம் முக்கியம். நீராட்டி உடுத்திய பிறகு, வாய்க்கரிசிக்கு முன். வாய்க்கரிசி தொடங்கிவிட்டால் உங்களை யாரும் கவனிக்கமாட்டார்கள். கல்பள்ளி மயானத்தில் தகன நேரம் குறித்திருப்பார்கள், உங்களுக்கு ஐந்து நிமிடம்தான். பறைக்காரரிடமும் சேகண்டி அடிப்பவரிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். பாடையைத் தூக்கிய பின் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது.

எந்தப் பெயரால் அழைப்பது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ரெக்கார்டில் ஒன்று, வார்டில் கூப்பிட்டது வேறு. வார்டுப் பெயரே நல்லது, முன்னால் 'சிஸ்டர்' சேர்த்து. ஒவ்வோர் அழைப்புக்கும் பிறகு மனதில் பத்து எண்ணுங்கள். பதற்றத்தில் இரண்டோடு விட்டுவிடுவார்கள், அந்த மௌனம் இல்லாவிட்டால் வருகைப்பதிவு எடுப்பதுபோல் ஆகிவிடும்.

கடைசியில் ஆங்கிலத்தில் எழுதி வாசிக்க வேண்டாம். "சிஸ்டர், ஓவர் எடுத்துக்கிட்டோம். நீங்க கிளம்பலாம்." இவ்வளவு போதும். பழக்கத்தில் 'போயிட்டு வாங்க' என்று வாயில் வந்துவிடும், நாலு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு பறைக்காரருக்குத் தலையசையுங்கள்.