மேலே 168, கீழே 70: மாத்திரை வேண்டுமா?

கேள்வி: வயது 67. சேலம் அம்மாபேட்டையில் இன்றும் குழித்தறியில் நெய்கிறேன். சர்க்கரை இல்லை. மூன்று வாரமாகப் பார்த்ததில் ரத்த அழுத்தம் 168/70-ஐ ஒட்டியே இருக்கிறது. கீழ் அளவு நன்றாகத்தானே இருக்கிறது? மாத்திரை போட்டால் அது இன்னும் இறங்கிவிடாதா டாக்டர்?

பதில்: ஐயா, அந்த 70-ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். 168 ஆனதற்கும் 70 ஆனதற்கும் காரணம் ஒன்றே: இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி விறைத்துவிட்டது.

இதயம் சுருங்கும்போது இளம் மகாதமனி விரிந்து ரத்தத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும்; இதயம் தளரும்போது சுருங்கி அதை முன்னே தள்ளும். மேல் அளவு எகிறாமல், கீழ் அளவு சரியாமல் இருப்பது இதனால்தான். இந்த வேலையைச் செய்யும் எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரத இழைகள் சிறுவயதிலேயே உருவாகிவிடுபவை. பிறகு புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. நாளுக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு. பல ஆண்டு இழுபட்டு இழைகள் அறுந்துபோக, கொலாஜன் என்ற விறைப்பான புரதம் கூடுகிறது, சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. இளமையில் நொடிக்கு 5, 6 மீட்டர் ஓடும் நாடி அலை (ஒவ்வொரு துடிப்பிலும் தமனி வழியே பரவும் அழுத்த அலை), விறைத்த தமனியில் 10 மீட்டரையும் தாண்டும். எதிரொலித்துத் திரும்பும் அலையும் முன்னதாகவே வந்து, ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தை எதிர்க்கிறது. இதயத் தசை தடிக்கிறது. அந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் கிடைப்பது இதயம் தளரும் நேரத்தில், கீழ் அளவின் தயவில். இரு அளவுக்கும் இடைவெளி 60-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், உங்களுக்கு 98.

ஆகவே மாத்திரை வேண்டும். அம்லோடிபின், குளோர்தாலிடோன் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டுமே மேல் அளவைத்தான் அதிகம் இறக்கும். கீழ் அளவு கொஞ்சம்தான் இறங்கும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் போதும், அவசரம் வேண்டாம். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். குளோர்தாலிடோன் என்றால் சில வாரங்களில் சோடியம், பொட்டாசியம் பரிசோதனை கட்டாயம்.

முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறீர்களா? அதுவே அழுத்தத்தை ஏற்றும், மருந்தின் பலனையும் கெடுக்கும். உப்பு, ஊறுகாயும் தட்டுவடை செட்டும் சேர்த்தே, நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன்.

மாத்திரை தொடங்கியபின் உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததைவிட நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்தைத் திருத்த வேண்டும். அதுவரை தறிக்குழியிலிருந்து சட்டென்று எழாதீர்கள். கால்களை மேலே எடுத்து, விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள்.