சம்மன், ஜாமீன், கேவியட்: நீதிமன்றச் சொற்களுக்கு எளிய விளக்கம்

கேள்வி: ஐயா, கடன் தொடர்பாக உரிமையியல் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்துள்ளது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உரிமையியல் வழக்கில் குற்றவாளி என்று எவரும் இல்லை. வழக்குத் தொடுத்தவர் வாதி, நீங்கள் பிரதிவாதி, அவ்வளவே. உங்கள் தரப்பைச் சொல்ல நீதிமன்றம் விடுக்கும் அழைப்பே சம்மன். வாங்க மறுத்தால், அது முறைப்படி சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்பட்டு, நீங்கள் இல்லாமலேயே வழக்கு நடக்கும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, சம்மன் சார்வான 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாட்கள் வரை அனுமதிக்கலாம். அச்சத்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தே நல்ல எதிர்வாதம் உள்ள வழக்குகளைப் பலர் இழந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: என் அண்ணன் மீது ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு ஆகிவிட்டது என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். அது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை, அதாவது எதிர்த்தரப்பு வராததால் வாதியின் சான்றுகளை மட்டும் கொண்டு வழங்கப்பட்டது. வராததற்குப் போதிய காரணம் காட்டி, அதை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்யலாம். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பாணை பற்றி அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். தாமதமாகிவிட்டால், அதை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

கேள்வி: ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்ததாகப் பொருளா?

பதில்: இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்க, நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒருவர் வெளியே இருக்க அனுமதிப்பதே ஜாமீன். ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்காகக் கைதாக நேரும் என்று அஞ்சுபவர் முன்கூட்டியே செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்பது முன்ஜாமீன்.

கேள்வி: கேவியட் மனு போட்டால் எதிர்த்தரப்பு வழக்கே போட முடியாதா?

பதில்: வழக்குப் போடுவதை அது தடுக்காது. என்னைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு எதுவும் பிறப்பிக்க வேண்டாம் என்பதே அதன் பொருள். 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும்.

கேள்வி: கடன் பத்திரம் காலாவதியாகிவிட்டது என்றால் கடன் இல்லை என்றாகிவிடுமா?

பதில்: கடன் அழிவதில்லை, வழக்குப் போட்டு வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பொதுவாகக் கடன் வசூல் வழக்குக்கு 3 ஆண்டுகள். அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கணக்கிடப்படும். வாய்மொழியாக ஒப்புக்கொண்டது இதற்குப் போதாது. ஆகவே கெடு முடியுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.