காலநிலை மாற்றத்துக்கும் கடல் உப்புக்கும் என்ன தொடர்பு?

கடல் எங்கும் ஒரே அளவு உப்பாக இருப்பதில்லை. சராசரியாக ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஆவியாதல் மழையை மிஞ்சும் இடங்களில் இது கூடும், மழை மிஞ்சும் இடங்களில் குறையும். ஆவியாகும்போது நீர் மட்டும்தான் மேலே போகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

சரி, வெப்பம் கூடினால்? காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் வறண்ட பகுதிகளிலிருந்து அதிக ஈரம் கிளம்பி, ஏற்கெனவே மழை கொட்டும் பகுதிகளில் போய் இறங்குகிறது. விளைவு, உப்பான கடற்பகுதிகள் இன்னும் உப்பாகின்றன, உப்புக் குறைந்தவை இன்னும் நீர்த்துப்போகின்றன. 1950 முதலான அளவீடுகளில் அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் உப்பு கூடியதும் பசிபிக்கில் குறைந்ததும் தெளிவாகவே தெரிகிறது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறு. உலக மழையில் முக்கால் பங்குக்கு மேல் கடலில்தான் பெய்கிறது. அங்கே மழைமானிகள் மிகக் குறைவு. கடலின் உப்புதான் அந்தக் கணக்கைச் சேர்த்து வைக்கிறது. 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் ஆர்கோ என்னும் தானியங்கி அளவீட்டு மிதவைகள் சுமார் 4,000 அந்த உப்பின் அளவைப் படித்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், கிரீன்லாந்துப் பனி உருகிக் கலக்கும் நன்னீர் வட அட்லாண்டிக் நீரின் அடர்த்தியைக் குறைக்கிறது. அடர்த்தி குறைந்த நீர் எளிதில் மூழ்காது. வெப்பத்தை வடக்கே சுமக்கும் பெரிய நீரோட்டம் இப்படி நீர் மூழ்குவதைச் சார்ந்தது; அது பலவீனமாகலாம் என்ற கவலை இதிலிருந்துதான் வருகிறது.